ஐந்து பேருக்கான காற்று

முப்பத்தொன்பது. காற்றை அளக்கிற கேஜை எடுத்துவிட்டு, டயர் வால்வைச் சட்டை நுனியால் துடைத்து மறுபடியும் அழுத்தினேன். ஸ்ஸ் என்று கொஞ்சம் காற்று விரலில் பட்டது, முள் துள்ளி அதே இடத்தில் வந்து நின்றது. முப்பத்தொன்பது. பின்பக்க வலது டயர். கேஜ்தான் பொய் சொல்கிறதோ என்று இடது பக்கம் போய்க் குந்தினேன். அங்கே முப்பத்தெட்டு. நேற்றுச் சாயங்காலம் வீட்டு வாசலில், கார் ஆறி நின்றபோது, பின்னால் இருபத்தெட்டு, முன்னால் முப்பது என்று என் கையால் வைத்தேன். பந்தய ட்ராக்கில் ஓடிச் சூடாகும்போது காற்று விரிந்து ஐந்தாறு ஏறும். ஏறி எங்கே வந்து நிற்க வேண்டுமோ அதற்குத் தக்கபடி கீழேயிருந்து தொடங்க வேண்டும். இருபத்தெட்டு முப்பத்துமூன்றாகலாம், முப்பத்துநான்காகலாம். முப்பத்தொன்பது ஆகாது. அதுவும் வண்டியை ஓரம்கட்டி இவ்வளவு நேரமான பிறகு, பாதி ஆறின பிறகு. அப்படியானால் ஓடிக்கொண்டிருந்தபோது, வண்டி சுழன்ற அந்த வளைவில், நாற்பத்திரண்டு இருந்திருக்கும். நாற்பத்திரண்டு. யாரோ காற்று அடித்திருக்கிறார்கள். என் டயரில். யாரோ என்ன யாரோ. காலையில் பல்லடம் தாண்டி ஒரு பங்க்கில் நிறுத்தினோம். நான் பாத்ரூம் போய்விட்டு வந்தபோது கார் பெட்ரோல் போட்ட இடத்தில் இல்லை, தள்ளி, காற்றுப் பிடிக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்றது. என் கணவர் லோகநாதன் கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நிழலுக்காகத் தள்ளி நிறுத்தியிருக்கிறார் என்று நினைத்தேன். விடிந்தும் விடியாத நேரத்தில் என்ன நிழல். பார்த்தும் பார்க்காததுபோல ஏறி உட்கார்ந்தேனா, உண்மையிலேயே எதுவும் தோன்றவில்லையா, இப்போது சொல்லத் தெரியவில்லை. அவர் அப்படிக் கை துடைப்பதைப் பார்த்துப் பார்த்துப் பழகிப்போய்விட்டது. எதையாவது சரிசெய்து முடித்த கை அது. நான் சிறிதாக வைத்த அடுப்பைப் பெரிதாக்கிவிட்டு, என் போனில் எழுத்தைப் பெரிதாக்கிவிட்டு, “கண்ணு கெட்டுப்போயிரும் வசு” என்று சொல்லிவிட்டு, கிளினிக்கில் நான் சுவரைப் பார்த்துப் போட்டிருந்த மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிவிட்டு. எல்லாம் நல்லதுக்குத்தான். அங்கேதான் வயிறு எரிகிறது. நல்லதுக்கு என்று ஆகிவிட்டால் கோபப்பட இடமில்லை; கோபப்படுகிறவள்தான் தப்பானவள்.

ஆனால் அந்த வளைவில் காலை எடுத்தது நான்தான். அதை நான் மறுக்கவில்லை, கேட்டவரிடமும் மறுக்கவில்லை. நீள நேர் ரோட்டின் முடிவில் வரும் வலப்பக்க வளைவு. ப்ரேக்கை விட்டு, ஸ்டியரிங்கைத் திருப்பி, பாதி வளைவு போனபோது எதனாலோ ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். வேகம் அதிகம் என்று தோன்றியிருக்கலாம். தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது, பாதத்துக்குத் தோன்றியது, எனக்கல்ல. உட்கார்ந்திருக்கிற நாற்காலியை யாரோ பின்னாலிருந்து இழுத்ததுபோல இருந்தது. கண்ணாடியில் புல், சிவப்பும் வெள்ளையும் அடித்த பழைய டயர்ச் சுவர், தண்ணீர்த் தொட்டி, வந்த ரோடு, மறுபடி புல். பிறகு எஞ்சின் நின்றுபோய், வைப்பர் மட்டும் காய்ந்த கண்ணாடியில் கீச்சுக் கீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. எப்போது கை பட்டதோ. அதை நிறுத்தத் தெரியவில்லை எனக்கு, என் சொந்தக் காரில், எந்தப் பக்கம் திருகினால் நிற்கும் என்று கை மறந்துவிட்டது. வாயில் தகரம் நக்கினதுபோல ஒரு ருசி. அது இன்னும் போகவில்லை, இரண்டு டீ குடித்தும். இந்தக் கோவை ட்ராக்கில் புதியவர்களுக்குப் பாடம் சொல்வதும், யார் ஓட்டலாம் யார் இறங்க வேண்டும் என்று முடிவு செய்வதும் ஜெரோம் சார்தான். ஒரு காலத்தில் கார் ராலி ஓட்டினவர். குனிந்து ஜன்னல் வழியாகக் கேட்டார்: “நடு வளைவுல கால் எடுத்தீங்கல்ல டாக்டர்?” “எடுத்தேன் சார்.” “அதான்.” அவ்வளவுதான். அதான். வேறு எதையும் கேட்கவில்லை, ஒரு டயரைக்கூடக் குனிந்து பார்க்கவில்லை. “இன்னொரு தடவ சுத்துச்சுன்னா நீங்க எறங்கிக்கணும். உங்க வீட்டுக்காரர் பேரும் குடுத்திருக்கீங்கல்ல, மீதிய அவர் ஓட்டட்டும். கோவிச்சுக்காதீங்க, எனக்கு எல்லாரும் முழுசா வீட்டுக்குப் போகணும்.” கோபித்துக்கொள்ளவில்லை என்று சொன்னேன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொன்னேன். எல்லாருக்கும் ஏதாவது ஒரு வளைவில் ஒருநாள் கால் தானாக எழும். எழுந்தால் வண்டியின் எடை முன்பக்கம் சாயும், பின்பக்கம் லேசாகும், அப்போது அந்த லேசான பின்பக்கத்தைத் தரையோடு பிடித்துக்கொள்ளத்தான் டயர் இருக்கிறது. நாற்பத்திரண்டில் உப்பிப்போய் நடுக்கோட்டால் மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருந்த டயர் எதைப் பிடிக்கும்? சரியான காற்று இருந்திருந்தால் வண்டி ஒரு உதறு உதறியிருக்கும், நான் பயந்திருப்பேன், பயந்து கற்றுக்கொண்டிருப்பேன். ஒரு உதறலோடு போயிருக்க வேண்டியது. பாதித் தப்பு என்னுடையது. முழுத் தண்டனையும் எனக்கே என்றால் எப்படி.

முப்பத்தெட்டு வையுங்கள் என்றார் பைசல். பக்கத்து ஷெட்டில் பெரிய கறுப்புக் காரோடு வந்திருப்பவர், திருப்பூரில் பனியன் கம்பெனி, எல்லாரிடமும் சிரித்துப் பேசுகிறவர், என்னை டாக்டரம்மா என்கிறார். பிசியோதெரபிஸ்ட் என்று இரண்டு தடவை திருத்திவிட்டு விட்டுவிட்டேன். “முப்பத்தெட்டு வெச்சுக்கங்க டாக்டரம்மா, நான் அதான் வெக்கறேன், கல்லு மாதிரி நிக்குது.” “சூடாவா, ஆறினதுக்கு அப்புறமா?” என்று கேட்டேன். “முப்பத்தெட்டுன்னா முப்பத்தெட்டுதான், அதுல என்னங்க சூடு ஆறினது, தோசையா?” சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எதற்குச் சிரித்தேன் என்றுதான் இப்போது எரிச்சலாக இருக்கிறது. இரண்டு டன் கார் அது. என்னுடையது அதில் பாதி இருந்தால் அதிகம். இன்னொருவர் இருபது என்றார், சின்னப் பையன்கள் ஓட்டுகிற பந்தய வண்டிக்குச் சொல்கிற எண். எல்லாரிடமும் ஒரு எண் தயாராக இருக்கிறது, எல்லாரும் என்னைப் பார்த்ததும் அதைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். கிளினிக்கில் தினம் நடப்பதுதான். பெண் கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். வலி எவ்வளவு இருக்கிறது, பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் சொல்லுங்கள் என்று அவளைப் பார்த்துத்தான் கேட்பேன். பக்கத்தில் நிற்கிறவர் சொல்வார்: “ஒரு நாலு இருக்குமுங்க.” அவள் தலையை ஆட்டுவாள். போன வாரம் வந்த அம்மா தோளைத் தூக்கவே முடியாமல் ஜாக்கெட்டின் மேல் கொக்கியைப் போடாமல் வந்திருந்தாள். நாலாம். நான் எழுதிக்கொண்டேன். அவரை வெளியே போய் உட்காருங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், இத்தனை வருஷத்தில் ஒருவரையும் சொன்னதில்லை. பிறகு அவள் தோளில் கை வைத்தபோது அந்தச் சதை விறைத்த விறைப்பில் எட்டுக்குக் குறையாது என்று எனக்குத் தெரிந்தது. எண்ணைச் சொல்கிறவருக்கு வலிக்காது. இங்கேயும் அப்படித்தான், எண்ணைச் சொல்கிறவர் எவரும் அந்த வளைவில் என் சீட்டில் இருக்கப்போவதில்லை. அதற்காகத்தானே வந்தேன். ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஒருத்தர் பேசுவதும் கேட்காது. நாள் முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருக்கிற காதுக்கு அது எப்படி இருந்தது என்று யாருக்குச் சொல்வது, முதல் இரண்டு சுற்றில், அந்தச் சுழற்சிக்கு முன்னால், நான் நானாக மட்டும் இருந்தது. அதை இன்னொரு தடவை வேண்டும் என்று கேட்கிறேன். பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை.

டயரின் ஓரத்தில் காலையில் நான் போட்ட சாக்பீஸ் கோடுகள். டயர் வளைவில் எவ்வளவு தூரம் ஓரத்தில் சாய்கிறது என்று பார்க்கப் போடுவது. அளவான காற்றென்றால் கோடு பாதிவரை அழிந்திருக்கும், காற்றுக் குறைவென்றால் முழுக்க அழிந்து பக்கச் சுவர்வரை தேய்ந்திருக்கும். பின் டயர் இரண்டிலும் கோடு போட்டது போட்டபடி இருக்கிறது. பொடிகூட உதிரவில்லை. நடுவில் மட்டும் வழவழவென்று ஒரு பட்டை. இதைவிட என்ன சாட்சி வேண்டும். போய்க் கூப்பிட்டு வந்து காட்டலாம் ஜெரோம் சாரிடம், பாருங்கள் சார், என் கால் மட்டுமில்லை. காட்டினால்? யார் அடித்தது என்பார். வீட்டுக்காரர் என்பேன். அங்கே நிற்கிற அத்தனை ஆண்களும் ஒருதரம் சிரிப்பார்கள், லோகநாதனும் சேர்ந்து சிரிப்பார், பிறகு ஜெரோம் சார் குந்தி உட்கார்ந்து தன்னுடைய எண்ணை வைப்பார். புருஷனைக் காட்டிக்கொடுத்ததுதான் மிச்சம். “இன்னும் அதையேதான் நோண்டிட்டு இருக்கியா?” அவர்தான். ஒரு கையில் தேங்காய் பன், ஒரு கையில் போன். “சாப்பிடு. காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல.” வாங்கிக்கொள்ளவில்லை, கை கறுப்பு. “ஏங்க, பங்க்ல காத்துப் புடிச்சீங்களா?” “ஆமா. நீ பாத்ரூம் போயிருந்தப்ப. நாலுமே ரொம்பக் கம்மியா இருந்துச்சு. நல்லவேளை பாத்தேன்.” “நான்தாங்க கம்மி பண்ணி வெச்சிருந்தேன்.” “அப்படியா? சொல்றதுதானே?” சொல்வதுதானே. சொல்லியிருந்தால் நேற்று ராத்திரி சாப்பாட்டு மேசையில் அது ஏன் அப்படி இருக்கக்கூடாது என்று ஒரு பேச்சு நடந்திருக்கும், அது முடிவதற்குள் அவர் சொன்னதுதான் சரி என்று எனக்கே தோன்ற ஆரம்பித்திருக்கும், அதனால்தான் சொல்லவில்லை. “எவ்வளவு வெச்சீங்க?” “நானா எதும் வெக்கல வசு. கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கான்ல, அதுல இருக்கறபடிதான். பின்னாடி முப்பத்தாறு. கம்பெனிக்காரன் தெரியாமயா போட்டிருப்பான்?” கதவைத் திறந்து பார்த்தேன். ஸ்டிக்கரில் இரண்டு வரிசை. மேலே இரண்டு மனித உருவம். கீழே ஐந்து உருவம், பக்கத்தில் ஒரு பெட்டி. “எந்த வரிசைங்க?” “கீழ. எப்பவும் கீழதான் வெப்பேன். அம்மா வருவாங்கல்ல, அரிசி மூட்டை ஏத்துவாங்கல்ல.” “இன்னைக்கு அத்தை வரலீங்களே.” அவர் ஸ்டிக்கரைப் பார்த்தார், காலியான பின் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் ஒரு நொடி ஏதோ வந்தது. வந்ததை நான் பார்த்தேன். பிறகு சிரித்துவிட்டார். “அட, காத்துதானே வசு. இதுக்குப்போயி.”

காற்றுதான். ஐந்து பேருக்கும் ஒரு பெட்டிக்கும் உண்டான காற்றை வைத்துக்கொண்டு ஒருத்தி அந்த வளைவுக்குள் போயிருக்கிறேன், என் மாமியாரையும் அரிசி மூட்டையையும் சுமப்பதற்காக விறைத்து நின்ற டயர்கள், சுமக்க யாருமில்லாமல். காற்றுதான். திட்டியிருக்க வேண்டும். திட்ட வாயெடுத்தபோது அவர் போனில் இருந்த வீடியோ ஞாபகம் வந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. வண்டி சுழன்றதை வேலிக்கு வெளியே நின்று எடுத்துக்கொண்டிருந்தார், எடுத்ததைக் குடும்ப குரூப்பில் போட்டும்விட்டார். நாத்தனார் கும்பிடுகிற கை மூன்று போட்டிருக்கிறாள், அவள் வீட்டுக்காரர் ‘பொம்பளைங்களுக்கு எதுக்கு இந்த வேலை’ என்று சிரிக்கிற பொம்மையோடு போட்டிருக்கிறார். யாரும் கடைசிவரை பார்த்திருக்க மாட்டார்கள். கடைசியில் கார் இல்லை. தரை, செருப்பு, தரை, வானம், மூச்சு இரைப்பு. நிறுத்த மறந்து போனோடு ஓடியிருக்கிறார். வேலியைத் தாண்டி ட்ராக்குக்குள் ஓடி வந்ததற்கு ஜெரோம் சாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், ஒரு செருப்பு புல்லில் கிடந்தது, மற்றதோடு வந்து என் ஜன்னலைத் தட்டினார். அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? அந்த ஓட்டமும் உண்மை, இந்த முப்பத்தாறும் உண்மை. ஓடி வந்ததால் காற்று அடித்தது இல்லையென்று ஆகிவிடாது. ஆகிவிட வேண்டும் என்று எல்லாரும் எதிர்பார்ப்பார்கள், முதலில் நானே எதிர்பார்ப்பேன், சாயங்காலம் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் பாவம் என்று தோன்றிவிடும், நான்தான் சொல்லாமல் விட்டேன் என்று தோன்றிவிடும். தோன்றுவதற்குள் செய்ய வேண்டும். அவர் பன்னைத் தின்றுகொண்டே பைசலின் காரைப் பார்க்கப் போய்விட்டார். நான் குந்தினேன்.

எவ்வளவு இறக்குவது. அதுதான் இப்போது. வீட்டில் போட்ட கணக்கு ஆறின டயருக்கு. பைசலின் எண், அவருக்கே தெரியாவிட்டாலும், சூடான டயருக்கு. இது இரண்டுமில்லை, பாதி ஆறினது. அதிலும் வலப்பக்கம் வெயிலில் நிற்கிறது, இடப்பக்கம் ஷெட் நிழலில். ஒரு புத்தகத்திலும் இதற்கு எண் இல்லை. முட்டி வீங்கி வருகிறவர்களுக்கு உள்ளங்கையை வைக்க மாட்டோம், புறங்கையை வைப்போம், சூடு அதில்தான் தெரியும். புறங்கையை டயரில் வைத்தேன். வலது பின் டயர் நடுவில் கொதித்தது, ஓரத்தில் வெதுவெதுப்பு. இடது பின் டயர் ஓரத்தில் ஏறக்குறைய ஜில்லென்று இருந்தது. ட்ராக் வலப்பக்கமாகச் சுற்றுவது, எடையெல்லாம் இடப்பக்கம் சாயும், அந்த ஓரம்தான் வேலை செய்திருக்க வேண்டும், அது வேலைக்கே வரவில்லை. ஓடும்போது பின்னால் முப்பத்துமூன்று வேண்டும். இதிலிருந்து இன்னும் மூன்று ஏறும் என்றால் இப்போது முப்பது. வெயில் பக்கம் ஒன்று கூட. சரி. வால்வின் நடு ஊசியைக் கேஜின் முனையால் அழுத்தினேன். காற்று சீறிக்கொண்டு வந்தது, ரப்பர் வாசனையோடு, சூடாக, மணிக்கட்டில். முப்பத்தாறு. முப்பத்துநான்கு. நிறுத்தி அளந்து, மறுபடி அழுத்தி. முப்பத்தொன்று. இங்கே நிறுத்த வேண்டும். கை நிற்கவில்லை. இன்னும் ஆறு இறக்கு என்றது, இருபத்தைந்துக்குப் போ, பின்பக்கம் சேறு மாதிரி ஒட்டிக்கொள்ளும், எதுவும் சுழலாது, யாரும் உன்னை இறக்க மாட்டார்கள். யார் சொல்வது இது? அவருமில்லை, பைசலுமில்லை. அந்தத் தகர ருசி சொல்கிறது. இருபத்தைந்தில் டயர் மடங்கி மடங்கிப் பக்கச் சுவரால் உரசிக்கொண்டு போகும், வண்டி கனத்த தூக்கத்தில் திரும்புவதுபோலத் திரும்பும், நானும் ஒரு அரை மணி நேரம் ஊர்ந்துவிட்டு நல்ல பெயரோடு இறங்கலாம். அதற்கு ஐந்து பேரை ஏற்றிக்கொண்டே போயிருக்கலாம். கையை எடுத்தேன். முப்பத்தொன்று. இடப்பக்கம் முப்பது. முன்னால் இரண்டும் முப்பத்தேழில் நின்றன, முப்பத்திரண்டுக்குக் கொண்டுவந்தேன். தப்பாக இருக்கலாம் இந்த எண். தப்பென்றால் அந்த வளைவில் தெரிந்துவிடும், மறுபடி புல், டயர்ச் சுவர், தண்ணீர்த் தொட்டி, பிறகு அவர் என் சீட்டில் ஏறி உட்கார்ந்து சீட்டைப் பின்னால் தள்ளுவார், நான் வேலியோரம் நின்று பார்ப்பேன். ஆனாலும் அது என் தப்பாக இருக்கும், முழுசாக. பாதி யாருடையது என்று தேடிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

“சிவப்பு குரூப், வண்டிய எடுங்க!” ஜெரோம் சார் எங்கள் குரூப்பைப் பார்த்துக் கையைத் தட்டினார். முதல் கார் உறுமிக்கொண்டு வரிசைக்குப் போனது. பைசல் எட்டிப் பார்த்தார். “என்ன டாக்டரம்மா, முப்பத்தெட்டு வெச்சாச்சா?” “இல்லீங்க.” “அப்ப எவ்ளோ?” “ஆறட்டும், சொல்றேன்.” அவர் சிரித்துக்கொண்டே தன் காருக்குள் போய்விட்டார். லோகநாதன் ஒரு ஹெல்மெட்டை இரவல் வாங்கிக்கொண்டு வந்து அந்தப் பக்கக் கதவைத் திறந்தார். பின் டயரை ஒருதரம் காலால் உதைத்துப் பார்த்தார். “எறக்கிட்டியா? சரி, உன் இஷ்டம். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன். எங்க கால் எடுக்கணும், எங்க எடுக்கக்கூடாதுன்னு சொல்லிட்டே வரேன். பயமில்லாம ஓட்டலாம்.” “நீங்க வர வேண்டாங்க.” “ஏன், ஜெரோம் சார் கிட்டக் கேட்டுட்டேனே, உக்காரலாம்னாரு.” “ஒரு ஆளுக்குத்தான் வெச்சிருக்கேன்.” அவர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்துப் பாதியில் விட்டார். கதவு திறந்தபடியே இருந்தது. நான் மூடச் சொல்லவில்லை, அவர் தானாகவே மூடினார், மெதுவாக, சத்தம் வராமல். பிறகு ஹெல்மெட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு பிடித்துக்கொண்டு, எங்கே நிற்பது என்று தெரியாதவர்போல ஷெட் தூணுக்குப் பக்கத்தில் போய் நின்றார். பாவம் என்று தோன்றியது. இதோ, அதற்குள். தோன்றட்டும். “டாக்டர், வரிசை உங்களுக்காகத்தான் நிக்குது!” என்றார் ஜெரோம் சார். வரேன் சார் என்றேன். அழுத்தி அழுத்தி எடுத்ததில் வால்வு ஊசி சில சமயம் முழுசாக மேலே வராமல் நின்றுவிடும், காற்று கசியும். வலது பின் டயரின் பக்கம் குந்தி, ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கி, வால்வின் வாயில் எச்சிலைத் தடவிப் பார்த்தேன். குமிழ் வரவில்லை. மூடியைத் திருகிவிட்டு அடுத்த டயருக்குப் போனேன்.